சம்பளத்தில் பிடிக்கும் காப்பீடும் கலெக்டர் ஆபீஸ் காப்பீடும்: எது உங்களுடையது, எப்படிப் பயன்படுத்துவது?

சம்பளச் சீட்டை எடுத்துப் பிடித்தம் பகுதியைப் பாருங்கள். மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்றால் அங்கே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்ற பெயரில் 120 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் நீங்களும் உங்கள் வீட்டாரும் கட்டாயக் காப்பீட்டில் இருக்கிறீர்கள். உங்களைக் கேட்டுச் சேர்க்கவில்லை. நீங்களாக விலகவும் முடியாது. சம்பளச் சீட்டே கிடையாது, கூலி வேலை அல்லது சிறு தொழில், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கானது, கலெக்டர் ஆபீசில் பதியும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.

இரண்டையும் ஊரில் ‘கவர்மென்ட் இன்சூரன்ஸ்’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. முதலாவதில் கேட்பது நாள் கணக்கு: எத்தனை நாள் சம்பளத்துக்குச் சந்தா போயிருக்கிறது? இரண்டாவதில் கேட்பது காகிதம்: வருமானச் சான்று இருக்கிறதா, ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா? ஒன்றின் கணக்கை மற்றொன்றின் கவுன்ட்டரில் போய்ச் சொல்லி அலைபவர்களை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் காணலாம்.

இ.எஸ்.ஐ. யாருக்குக் கட்டாயம்

சட்டம் 1948-இல் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர், மில்கள் நிறைந்த கோயம்புத்தூர், ஆண்டு 1955. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமாக இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி அபாயகரமான தொழில் நடக்கும் இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் கட்டாயம் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும் பட்டறைகளும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒப்புக்கொண்டால் தாமாகச் சேரலாம்.

சந்தா 2019 ஜூலை 1 முதல் தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 120, முதலாளி பங்கு 520, ஆக 640 ரூபாய். நாள் சராசரிச் சம்பளம் 176 ரூபாய் வரை உள்ளவர் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. முதலாளி பங்கு மட்டும் போகும். முதலாளி பங்கான 520-ஐயும் உங்கள் சம்பளத்திலிருந்தே கழித்தால் அது சட்டவிரோதம். ‘சி.டி.சி.’ என்று மொத்தத் தொகையைப் பேசி வேலைக்கு எடுக்கும் இடங்களில் இந்த வித்தை மறைந்தே நடக்கும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. வரிசை இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் கட்டாயம் என்ற சண்டை பழையது. 2015 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, தொழிலாளி இ.எஸ்.ஐ.யையோ தனியார் மருத்துவக் காப்பீட்டையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று மாற்ற யோசனை சொன்னார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மாற்றம் வரவில்லை. எதிர்ப்புக்கு அடிப்படை எளிய கணக்கு. 22 வயதுக்காரருக்கும் 58 வயதுக்காரருக்கும், தனி ஆளுக்கும் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கும் அதே 0.75 சதவீதம்தான். விலகலாம் என்று வாசலைத் திறந்தால் முதலில் போவது இளைஞர்கள். மிஞ்சுவது சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்கள். சந்தா ஏறும், ஏற ஏற இன்னும் சிலர் போவார்கள்.

முதலாளிகளின் குறையிலும் நியாயம் இருக்கிறது: மாதாமாதம் பணம் கட்டியும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் (மருத்துவர் பார்த்து மருந்து தரும் இடம்) வரிசை, மாத்திரை தட்டுப்பாடு, அதற்குத் தனியார் குரூப் பாலிசி மேல் என்கிறார்கள். மருந்தகத்தின் நிலை பற்றி அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் குரூப் பாலிசி ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கட்டும். காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம், 26 வாரப் பேறுகாலச் சம்பளம், விரல் போனால் ஆயுள் முழுக்க உதவித்தொகை இவையெல்லாம் இ.எஸ்.ஐ.யில்தான் உண்டு. பேறுகாலச் சம்பளத்தை, திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிடுவதால் முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில்

வேலையில் சேரும் நாளிலேயே முதலாளி உங்களை இணையத்தில் பதிவுசெய்து பத்து இலக்கக் காப்பீட்டு எண் வாங்க வேண்டும். இதைத்தான் ஐ.பி. நம்பர் என்கிறார்கள். அந்த அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ‘முருகேசன்’ ஓரிடத்தில், ‘முருகேசன் எஸ்’ இன்னோரிடத்தில் என்றிருந்தால் பணப்பயன் கேட்கும் நாளில் சிக்கும்.

குடும்பத்தார் அனைவரின் பெயரும் ஏறியிருக்க வேண்டும்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களை நம்பி வாழும் குறைந்த வருமானப் பெற்றோர். கல்யாணமாகாத பையனாகச் சேர்ந்து பிறகு கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பின் யாரும் பெயர் சேர்ப்பதில்லை. பிரசவ வலி வந்த இரவில்தான் நினைவு வரும். கல்யாணம், குழந்தை பிறப்பு இரண்டும் நடந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

மருந்தகம் எது என்று பாருங்கள். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், குடும்பம் விருதுநகர் பக்கம் என்றால் குடும்பத்துக்கு அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள மருந்தகத்தைத் தனியாகக் கேட்டுப் பதியலாம். பலருக்கு இது தெரியாததால் அப்பா அம்மாவின் உரிமை யாருக்கும் பயனில்லாமல் கிடக்கிறது.

இந்த மூன்றோடு இன்னொன்று: ஏற்கெனவே வேறு கம்பெனியில் ஐ.பி. நம்பர் இருந்தால் அதையே புதுக் கம்பெனிக்குக் கொடுங்கள். ‘புதுசா போட்டுக்கலாம்’ என்று எச்.ஆர். சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது எண் என்றால் சந்தா நாள்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய எண்ணில் உள்ள நாள்கள் அங்கேயே தூங்கும். ஏற்கெனவே இரண்டு எண் ஆகிவிட்டதென்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இணைக்கச் சொல்ல வேண்டும்.

நாள் கணக்கு: இங்கேதான் பணம் போகிறது

ஆண்டை இ.எஸ்.ஐ. இரண்டாக வெட்டுகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தாக் காலம். அதற்கான பயன் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு சந்தாக் காலம். அதன் பயன் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. இதைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பது நல்லது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நோய்க்கால உதவி பெற, ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சம்பளத்துக்குச் சந்தா போயிருக்க வேண்டும். கிடைப்பது நாள் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. சராசரி 600 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 420. 91 நாளும் எடுத்தால் 38,220 ரூபாய். முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள்கள், அவற்றுக்குப் பணம் இல்லை. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழியுண்டு. அதற்குத் தொடர்ச்சியாக வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையும் உண்டு.

பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களையும் சேர்த்து 70 நாள் சந்தா போதும். உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் மூன்றாவதற்கு 12 வாரம்தான். கருச்சிதைவுக்கு 6 வாரம். இதைக் கேட்கவே கூச்சப்பட்டு விட்டுவிடுகிற பெண்கள் அதிகம், விடாதீர்கள்.

வேலை விபத்துக்கு இந்த நாள் கணக்கே இல்லை. சேர்ந்த முதல் நாள் மெஷினில் கை மாட்டினாலும் தற்காலிக ஊனத்துக்கு 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் விபத்து அறிக்கையை முதலாளி உடனே அனுப்ப வேண்டும். ‘நான் பார்த்துக்கறேன், ஆஸ்பத்திரியில வீட்ல விழுந்ததா சொல்லிடு’ என்று சூப்பர்வைசர் காதில் சொல்வார். அப்படிச் சொன்னால் கேஸ் ஷீட்டில் அதுதான் ஏறும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. முதலில் பார்க்கும் மருத்துவரிடமே வேலை செய்த இடம், நேரம், எப்படி அடிபட்டது என்பதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நெளிவு உண்டு. முதல் சந்தாக் காலம் சேர்ந்த நாளில் தொடங்கி, நடப்புக் காலம் முடியும் நாள் வரை. பணப்பயன் தொடங்குவது சேர்ந்து 9 மாதம் கழித்து. ஜூன் 1 அன்று சேர்ந்தால் முதல் சந்தாக் காலம் செப்டம்பர் 30-இல் முடியும். பணப்பயன் மார்ச் 1-இல் தொடங்கும். அதுவரை நோய்க்காலச் சம்பளம் கிடையாது. மருத்துவச் சிகிச்சை மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு.

சம்பளம் 21,000 தாண்டினால்? நடுவில் தாண்டினால் அந்தச் சந்தாக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும், அதுவும் உயர்ந்த சம்பளத்துக்கே. மே மாதம் 22,000 ஆனால் செப்டம்பர் வரை மாதம் 165 ரூபாய் பிடிப்பார்கள்; அதன் பயன் அடுத்த ஜூன் 30 வரை வரும். கம்பெனி மே மாதமே நிறுத்திவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. ஏப்ரல் 1 அன்றே உயர்வு என்றால் அன்றோடு வெளியே. ஆனாலும் அக்டோபர்–மார்ச் காலத்தில் 78 நாள் இருந்தால் டிசம்பர் 31 வரை சிகிச்சை பெறலாம். ‘சம்பளம் ஏறிடுச்சு, இனி கார்டு செல்லாது’ என்று அன்றே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வேலையை விட்டவருக்கும் இதே கணக்குத்தான்.

இந்த 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அதன்பின் சம்பளமும் விலைவாசியும் எங்கோ போய்விட்டன. ஆயிரம் ரூபாய் உயர்வில் குடும்பமே காப்பீட்டை இழப்பது கட்டாயக் காப்பீட்டின் மிகப் பெரிய ஓட்டை. உயர்வு தரும்போது அதே மாதம் தனியார் பாலிசி எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோய் வந்தால் எங்கே போவது

வழக்கமான பாதை: மருந்தகம், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லையென்றால் ரெஃபரல் சீட்டோடு ஒப்பந்தத் தனியார் மருத்துவமனை. சென்னையில் அயனாவரம், கே.கே. நகர், வெளியே கோயம்புத்தூர், மதுரை, சேலம், வேலூர் எனப் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. முதல்வர் காப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. இதய அறுவை, டயாலிசிஸ் போன்ற உயர்சிறப்புச் சிகிச்சைக்குத் தனிச் சந்தா நிபந்தனை இருப்பதால் ரெஃபரல் எழுதும் முன்பே கிளை அலுவலகத்தில் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரல் இல்லாமல் நேரே தனியாருக்குப் போய்விட்டுப் பில்லைக் கொண்டுவருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்தில் போகலாம். ஒப்பந்த மருத்துவமனை என்றால் அட்டையைக் காட்டி 24 மணி நேரத்துக்குள் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத் தகவல் சொல்லச் செய்யுங்கள். ஒப்பந்தம் இல்லாத இடம் என்றால் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும். அதற்கு அவசரச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில், மருந்துச் சீட்டு எல்லாம் வேண்டும். கிடைப்பது அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல்படிதான். 80,000 கட்டியவருக்கு 35,000 வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

விடுப்புச் சான்று இ.எஸ்.ஐ. மருத்துவரிடமிருந்து வர வேண்டும். தெருமுனை டாக்டரின் சான்று முதலாளிக்குப் போதும், கழகத்துக்குப் போதாது.

முதலாளி கட்டாவிட்டால்

ஒரு மாதத்துச் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போக வேண்டும். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஐ.பி. நம்பரோடு உள்ளே போய், அல்லது மத்திய அரசின் உமங் செயலியில், மாதவாரிச் சந்தாவைப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது வெறும் தாமதம் அல்ல, கிரிமினல் குற்றம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு வரவு, வருகைப் பதிவின் படம் இவற்றைச் சேர்த்து மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். 1800-11-2526 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம்.

‘நீ கான்ட்ராக்ட் ஆளு, உனக்கு இல்ல’ என்பது அடிக்கடி சொல்லும் பொய். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால் முதன்மை முதலாளி பொறுப்பு. கம்பெனியே பதிவாகாமல் இருந்து விபத்து நடந்துவிட்டாலும் உரிமை போகாது. கழகம் பயனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அங்கே வேலை செய்தீர்கள் என்பதை நிரூபிக்கும் காகிதம் மட்டும் வேண்டும். மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்ஆப் ஷிப்ட் பட்டியலைக்கூட அழிக்காதீர்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டை வாங்குவது

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11-இல் இப்போதைய பெயருக்கு வந்த திட்டம் இது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். வருமான வரம்பு முன்பு 72,000 ஆக இருந்தது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்திலிருந்து 1,20,000. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுக்கு அரசு குடும்பத்துக்கு 849 ரூபாய் பிரீமியம் கட்டுகிறது; நீங்கள் கட்டுவது எதுவும் இல்லை.

வேண்டியவை: ரேஷன் கார்டு, குடும்பத்தார் அனைவரின் ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று. இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தொழிலாளர் துறையின் சான்றோடு சேரலாம்.

சிக்குவது பெரும்பாலும் ரேஷன் கார்டில். கல்யாணமாகிப் போன மகள் பெயர் இன்னும் இங்கேயே இருக்கும். வந்த மருமகள் பெயர் அவள் பிறந்த வீட்டுக் கார்டில் கிடக்கும். காப்பீட்டுக்குக் குடும்பம் என்றால் கணவன் மனைவி, பிள்ளைகள், நம்பி வாழும் பெற்றோர். அதற்குச் சாட்சி ரேஷன் கார்டுதான். முதலில் கார்டைச் சரிசெய்து, பிறகு காப்பீட்டுக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை அலைச்சல்.

பழைய அட்டை இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், அல்லது 1800-425-3993-இல் கேளுங்கள். அட்டை இல்லாமலே நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடவில்லை. சேர்ந்த அன்றே மருத்துவமனையின் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரைப் பார்த்து, வீட்டில் ஒருவரை வி.ஏ.ஓ.விடமும் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஓடச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் பில் போட்ட பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது; முன் அனுமதி வாங்காத சிகிச்சைக்குப் பணம் வராது.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்விகள்

‘இங்கே கவர்மென்ட் இன்சூரன்ஸ் உண்டா?’ என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் பதில் வரும். ‘இந்தச் சிகிச்சைக்கு இங்கே உண்டா?’ என்று கேளுங்கள். மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. இதயத்துக்கு அங்கீகாரம் உள்ள இடத்தில் எலும்புக்கு இல்லாமல் இருக்கலாம். 2022 பட்டியலில் 1,090 சிகிச்சைகளும், 8 தொடர் சிகிச்சைகளும், 52 பரிசோதனைகளும் இருந்தன. பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தனியார் ‘எங்களால முடியாது’ என்றால் அது சாக்கு அல்ல.

அடுத்த கேள்வி: ‘முன் அனுமதி வந்துவிட்டதா, எவ்வளவுக்கு?’ தொகை ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக நிர்ணயிக்கப்பட்டது. படுக்கை, அறுவை, மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். ‘காப்பீட்டில் 60 வரும், மீதி 40 நீங்க கட்டணும்’ என்றால் விதிக்கு எதிரானது. கட்டும்படி வற்புறுத்தினால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்டவுடனே பாதிக் கோரிக்கை காணாமல் போகும். மீதிக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் அல்லது மேலே சொன்ன 1800-425-3993, அதற்கும் மேலே கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழு. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே புகார் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தபின் செய்தால் நிரூபிக்கக் கையில் எதுவும் இருக்காது.

கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காக்ளியர் கருவி போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதி இருக்கிறது. நிபுணர் குழு பார்த்துத்தான் அனுமதிக்கும். நாளாகும் என்பதால் மருத்துவர் பேச்செடுத்த வாரமே மனுவைத் தொடங்கிவிட வேண்டும்.

வெளிநோயாளிச் செலவு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு இந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஆரம்பச் சுகாதார நிலையமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவ’மும் அதற்குத்தான். சாலை விபத்து என்றால் அட்டையும் வேண்டாம், வருமானமும் பார்க்க மாட்டார்கள். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எந்த ஊர்க்காரருக்கும், எந்த நாட்டவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இலவச ஆஸ்பத்திரியில் எதற்கு அட்டை?

ஜி.எச்.சில் எல்லாம் இலவசம்தானே, பிறகு ஏன் அட்டை கேட்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. அட்டையைப் பதிந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த அரசு மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. அதில் ஸ்டென்ட், செயற்கை மூட்டு, கருவிகள் வாங்குகிறார்கள். திட்டத்தை ஆதரிப்பவர்கள் காட்டும் வாதம் இது. எதிர்ப்பவர்கள் கேட்பது வேறு: அரசுப் பணம் பிரீமியமாகிக் கம்பெனிக்குப் போய், பெரும்பகுதி தனியார் மருத்துவமனைக்கும், கொஞ்சம் அரசு மருத்துவமனைக்கும் சுற்றி வருவதற்குப் பதில் நேரே ஜி.எச்.சுக்கே கொடுத்தால் என்ன? காப்பீட்டுப் பணம் அறுவைக்கு வருகிறது, தடுப்புக்கு வருவதில்லை; அதனால் அறுவை செய்யத்தான் தூண்டும் என்பது அவர்களின் இரண்டாவது வாதம். ஆந்திராவில் 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீயில் தேவையற்ற கருப்பை அகற்றல்கள் நடந்ததாக எழுந்த சர்ச்சையை உதாரணம் காட்டுவார்கள். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ‘காப்பீடு இருக்கு, பண்ணிடலாம்’ என்று ஒரே நாளில் அறுவைக்கு நாள் குறித்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், ஜி.எச்.சில் இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

சரி, அட்டையைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். உங்கள் குடும்பத்தின் 5 லட்சத்தில் அந்தத் தொகை குறையும் என்பதை மட்டும் தெரிந்து கொடுங்கள். மீதி எவ்வளவு என்று அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது.

இரண்டிலும் சேராதவர்கள்

மாதம் 15,000 சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநர், நான்கு பேர் வைத்திருக்கும் டீக்கடைக்காரர், 24,000 வாங்கும் கணக்காளர். 1,20,000 வரம்பைத் தாண்டிவிட்டார்கள், இ.எஸ்.ஐ.யும் இல்லை. நாடு முழுவதும் இப்படி நடுவில் விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம் என்று நிதி ஆயோக் 2021-இல் கணக்கிட்டது. வருமானச் சான்றில் குறைத்து எழுதி வாங்கச் சொல்லும் யோசனை தெருவுக்குத் தெரு கிடைக்கும். கண்டுபிடித்தால் அட்டை ரத்தாகும், அதுவும் பணம் தேவைப்படும் நாளில். இவர்களுக்கு ஜி.எச். எப்போதும் உண்டு. மேலே ஒரு பாலிசி எடுக்க முடிந்தால், எல்லா நிறுவனமும் ஒரே விதிமுறையில் விற்கும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யிலிருந்து பார்க்கத் தொடங்கலாம், அதில் பில்லில் 5 சதவீதம் உங்கள் பங்கு. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு. சர்க்கரை இருப்பதை மறைத்து வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்டால் முதல் க்ளெய்மிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சிகிச்சையில் தவறு நடந்தால்

இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; சந்தா கட்டியவர் நுகர்வோர்தான். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை விஷயத்தில் அந்தக் கதவு இல்லை என்று 1995 தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தை ஏற்கும் சிகிச்சையைச் சேவை என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே முன் அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

ஓய்வுபெறும் மாதம்

குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெறுபவர், தானும் துணையும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம். வயதைக் காட்டி வேலையிலிருந்து நின்றதற்கான கடிதத்தை முதலாளியிடம் வாங்கி, கிளை அலுவலகத்தில் ஓர் ஆண்டுக்கான தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். வேலை பார்த்தபோது ஒரே மாதத்தில் பிடித்த அதே 120 ரூபாய்தான், இப்போது ஆண்டு முழுமைக்கும்.